98.9 சதவீதம் வந்துவிட்டது, இனி என்ன? மண் பாக்டீரியாவை வகைப்படுத்தும் வழிகள், ஓர் ஒப்பீடு

மண்ணைக் கரைத்து, பலமுறை நீர்த்து, அகார் தட்டில் பரப்பி வைத்த ஏழாம் நாள் ஒரு காலனி தனியாகத் தெரிகிறது. மேலே சுண்ணாம்புப் பொடி தூவினாற்போல வெள்ளை. தட்டைத் திருப்பினால் அடியில் பழுப்பு. ஊசியால் கிளறினால் லேசில் வராது, அகாரைக் கவ்விப் பிடித்துக்கொண்டிருக்கும். மூடியைத் திறந்ததும் முதல் மழையின் மண்வாசம். இவ்வளவும் பார்த்தால் இது ஸ்ட்ரெப்டோமைசிஸ் என்ற பாக்டீரியாப் பேரினம் என்று அனுபவசாலிகள் கண்ணை மூடிக்கொண்டு சொல்வார்கள். அந்த வாசத்துக்குக் காரணமான ஜியோஸ்மினுக்குப் பேர்போனவை அவைதான். அடையாளம் காண வழக்கமாக முதலில் பார்க்கும் 16எஸ் மரபணுவைப் படித்துப் பார்க்கிறோம். ஏற்கெனவே பெயருள்ள ஒரு சிற்றினத்தோடு 98.9 சதவீதம் ஒத்துப்போகிறது என்று பதில் வருகிறது.

இந்த எண் ஒரு தொல்லை. 95 என்று வந்திருந்தால் சந்தேகமே இல்லாமல் புதிது என்று அடுத்த வேலையைப் பார்க்கலாம். 98.9 வந்தால் இரண்டு பக்கமும் வாதாடலாம். அந்தக் காலனியை 17-ஆம் எண் என்று வைத்துக்கொள்வோம். உதாரணத்துக்காக நான் எடுத்துக்கொண்ட ஒன்றுதான், ஆனால் மண் பாக்டீரியாவோடு மல்லுக்கட்டும் எல்லோரும் ஏதோ ஒரு பதினேழைச் சந்தித்திருப்பார்கள்.

முடிவெடுக்க வேண்டியவை மூன்று. இது தனிச் சிற்றினமா? ஆம் என்றால் எந்தப் பேரினத்தில் சேர்ப்பது? எந்த விதிமுறையின் கீழ் பெயர் வைப்பது? மூன்றுக்கும் ஒரே கருவி போதும் என்று நினைப்பதில்தான் பலரும் சறுக்குகிறார்கள். என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: முதல் கேள்விக்கு, செல்லின் முழு டிஎன்ஏவான ஜீனோமைத் தவிர வேறு எதையும் நம்பி முடிவு சொல்லாதீர்கள். ஆனால் ஜீனோமை மட்டும் கையில் வைத்துக்கொண்டு கட்டுரை எழுதவும் உட்காராதீர்கள்.

16எஸ்: முகவரி சொல்லும், வீட்டுக்குள் விடாது

ரைபோசோமின் சிறிய பகுதிக்கான இந்த மரபணு ஏறக்குறைய 1,500 எழுத்து நீளம் (எழுத்து என்பது டிஎன்ஏவின் ஏ, டி, ஜி, சி). எல்லா பாக்டீரியாவிலும் இருக்கிறது, மெதுவாக மாறுகிறது, மாறாத பகுதிகளுக்கு நடுவே ஒன்பது மாறும் பகுதிகள் இருக்கின்றன. கார்ல் வோஸும் ஜார்ஜ் ஃபாக்ஸும் 1977-இல் பாக்டீரியாவைப் போலவே தோன்றும் ஆர்க்கியா என்ற நுண்ணுயிர்களைத் தனிக் கிளையாகப் பிரித்துக் காட்டியது இந்த ரைபோசோம் ஆர்என்ஏவை வைத்துத்தான். செலவு குறைவு, ஒப்பிட்டுப் பார்க்க லட்சக்கணக்கான வரிசைகள் இருக்கின்றன. எனவே முதல் படி இதுதான், அதில் தகராறு இல்லை.

தகராறு எல்லைக்கோட்டில். 1994-இல் 97 சதவீதத்துக்குக் கீழே போனால் வேறு சிற்றினம் என்றார்கள். 2006-இல் அதே கோட்டை 98.7-க்கும் 99-க்கும் இடையே நகர்த்தினார்கள். 2014-இல் ஜீனோம்களோடு ஒப்பிட்டு 98.65 என்று கணக்கிட்டார்கள். கோட்டுக்குக் கீழே இருந்தால் புதிய சிற்றினம் என்று தைரியமாகச் சொல்லலாம். கோட்டுக்கு மேலே இருந்தால்? ஒன்றும் சொல்ல முடியாது. இதைப் பலர் தலைகீழாகப் புரிந்துகொள்கிறார்கள். 99.5 வந்துவிட்டது, ஆகவே இது பழையதுதான் என்று குழாயைத் தூக்கிப் போட்டுவிடுகிறார்கள். ஸ்ட்ரெப்டோமைசிஸ், சூடோமோனாஸ் போன்ற பேரினங்களில் 16எஸ் 99-க்கு மேல் இருந்தும் சிற்றினம் வேறாக இருப்பது சர்வசாதாரணம்.

இன்னொன்றையும் கவனியுங்கள். 1,500 எழுத்தில் ஒரு எழுத்து மாறினால் 0.067 சதவீதம். அதாவது மூன்று எழுத்தைத் தப்பாகப் படித்தாலே 98.9-க்கும் 98.7-க்கும் உள்ள தூரம் போய்விடும். டிஎன்ஏவைத் துண்டு துண்டாகப் படிக்கும் சேங்கர் முறையில் வந்த வரைபடத்தைத் திறந்து பாருங்கள். முதல் இருபது, முப்பது எழுத்துகளில் சிகரங்கள் ஒன்றின் மேல் ஒன்று ஏறிக் கிடக்கும். எண்ணூறைத் தாண்டியதும் மேடுகள் அகலமாகி, மூன்று ‘ஜி’யா நாலு ‘ஜி’யா என்று எண்ண முடியாது. அந்த வால்பகுதியை வெட்டாமல் அப்படியே தேடலுக்கு அனுப்பிவிட்டு, வந்த தசம எண்ணை வைத்து விவாதிப்பதில் அர்த்தமில்லை. இரு முனையிலிருந்தும் படித்து, நடுவில் ஒன்று மேலொன்று வரும்படி இணைத்து, பிறகுதான் சதவீதம் பேச வேண்டும்.

அப்புறம், எதோடு ஒப்பிடுகிறோம் என்பது. பிளாஸ்ட் என்ற வரிசை தேடும் கருவியில் முதலில் வந்து நிற்பது ‘வளர்க்கப்படாத பாக்டீரியா’ என்ற பெயரிலோ, யாரோ ஒருவர் அவசரத்தில் பெயர் ஒட்டிப் பதிவேற்றிய வரிசையாகவோ இருக்கலாம். அவற்றுக்கு வகைப்பாட்டில் மதிப்பில்லை. ஒப்பிட வேண்டியது டைப் ஸ்ட்ரெயின்களோடு மட்டும், அதாவது ஒரு சிற்றினத்தின் பெயருக்கு ஆதாரமாகச் சேகரிப்பகங்களில் வைக்கப்பட்டிருக்கும் மூல வளர்ப்புகளோடு. ஈஸிபயோகிளவுட் என்ற தரவுத்தளம் அதற்கென்றே தொகுக்கப்பட்டது. பிளாஸ்டிலும் டைப் ஸ்ட்ரெயின்களை மட்டும் தேடும் வசதி இருக்கிறது, ஒரு பெட்டியில் டிக் போட வேண்டும், அவ்வளவுதான்.

ஆக, 16எஸ் நமக்குத் தெருவைக் காட்டுகிறது. 17-ஆம் எண் ஸ்ட்ரெப்டோமைசிஸ் தெருவில் இருக்கிறது, பக்கத்தில் பத்துப் பன்னிரண்டு வீடுகள். பட்டியலில் முதலில் நிற்பவரே உண்மையான நெருங்கிய உறவு என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. 98.5-க்கு மேலே உள்ள எல்லாரையும் அடுத்த கட்டத்துக்கு அழைத்துப் போக வேண்டும்.

தோற்றமும் குணமும்: பொய் சொல்லாது, ஆனால் வேறு கேள்விக்குப் பதில் சொல்லும்

பழைய வழி இது. கிராம் சாயம், கேடலேஸ், ஆக்ஸிடேஸ், எந்தச் சர்க்கரையைச் சாப்பிடுகிறது, எவ்வளவு உப்பைத் தாங்குகிறது, எந்த வெப்பநிலையில் வளர்கிறது. இப்போது பயோலாக் தட்டு ஒன்றிலேயே 71 கார்பன் மூலங்களையும் 23 வேதிப்பொருள் தாங்குதிறனையும் ஒரே மூச்சில் பார்த்துவிடலாம். ஒரு காலத்தில் வகைப்பாடு என்றாலே இதுதான்.

இதை வைத்து எல்லைக்கோடு போட்டால் என்ன ஆகும் என்பதற்கு மண்ணிலேயே பிரமாதமான உதாரணம் இருக்கிறது. பேசில்லஸ் சீரியஸ், பேசில்லஸ் துரிஞ்சியென்சிஸ், பேசில்லஸ் ஆந்த்ராசிஸ் என்று மூன்று பெயர்கள். ஒன்று உணவை நச்சாக்கும், ஒன்று பயிர்ப்பூச்சியைக் கொல்லும் படிகப் புரதம் செய்யும், ஒன்று ஆந்த்ராக்ஸ். குணத்தைப் பார்த்தால் மூன்றும் மூன்று துருவம். 16எஸ் பார்த்தால் மூன்றுக்கும் கிட்டத்தட்ட வித்தியாசமே இல்லை. காரணம், அந்தப் படிகப் புரத மரபணுக்கள் பெரும்பாலும் பிளாஸ்மிட்களில் இருக்கின்றன. ஆந்த்ராக்ஸின் நச்சு பிஎக்ஸ்ஓ1 என்ற பிளாஸ்மிட்டிலும், உறை பிஎக்ஸ்ஓ2-விலும் இருக்கின்றன. பிளாஸ்மிட் என்பது செல்லுக்குள் தனியாகச் சுற்றும் டிஎன்ஏ வளையம், தொலையவும் செய்யும், வேறு செல்லுக்குப் போகவும் செய்யும். துரிஞ்சியென்சிஸ் தன் பிளாஸ்மிட்டைத் தொலைத்துவிட்டால் அதைச் சீரியஸிலிருந்து பிரித்துச் சொல்வது பெரும்பாடு. பெயர் மட்டும் மாறாமல் இருப்பதற்குக் காரணம் மருத்துவமும் விவசாயமும். அந்தப் பெயர்களைக் கலைத்தால் குழப்பம் உயிரோடு விளையாடும்.

அக்ரோபாக்டீரியத்திலும் இதே கதைதான். செடியில் கட்டி உண்டாக்கும் திறமை டிஐ பிளாஸ்மிட்டில் இருக்கிறது. கட்டி வருகிறதா இல்லையா என்பதை வைத்துச் சிற்றினம் பிரித்தவர்கள் உண்மையில் பிளாஸ்மிட் இருக்கிறதா இல்லையா என்பதைத்தான் பிரித்துக்கொண்டிருந்தார்கள். ரைசோபியத்தில் வேர்முடிச்சு மரபணுக்களும் பல சமயம் இப்படி இடம்பெயரும் துண்டுகளில்தான் இருக்கின்றன. மண்ணில் வாழும் கூட்டம் மரபணுக்களைக் கைமாற்றுவதில் கெட்டிக்காரக் கூட்டம். உங்கள் 17 ஒரு புது ஆன்டிபயாட்டிக் தருகிறது என்பது மகிழ்ச்சியான விஷயம், ஆனால் அது புதுச் சிற்றினம் என்பதற்குச் சான்றாகாது.

அப்படியானால் இந்தச் சோதனைகள் வீணா? இல்லை. சிற்றினம் தனியானது என்று ஜீனோம் சொன்ன பிறகு, அது எப்படிப்பட்டது என்று அடுத்தவர் புரிந்துகொள்ள இவைதான் வேண்டும். ஒரே நிபந்தனை: பக்கத்து உறவுகளின் டைப் ஸ்ட்ரெயின்களை வரவழைத்து, ஒரே ஊடகத்தில், ஒரே வெப்பநிலையில், ஒரே நாளில் 17-ஐயும் சேர்த்துச் சோதிக்க வேண்டும். முப்பது வருடத்துக்கு முந்தைய கட்டுரையிலிருந்து ‘மேனிட்டால்: இல்லை’ என்று எடுத்து, நேற்று நாம் பார்த்த ‘மேனிட்டால்: உண்டு’ பக்கத்தில் வைத்து வித்தியாசம் என்று அட்டவணை போடுபவர்கள் இன்றும் இருக்கிறார்கள். ஊடகம் வேறு, கையும் வேறு. அது வித்தியாசமே இல்லாமல் இருக்கலாம்.

வேதியியல் அடையாளங்களும் இந்த வகைதான், ஆனால் கொஞ்சம் உறுதியானவை. செல்சுவரில் எல்எல் வடிவ டைஅமினோபிமெலிக் அமிலம் இருந்தால் ஸ்ட்ரெப்டோமைசிஸ் பக்கம், மீசோ வடிவம் இருந்தால் நோகார்டியா, அமைகோலாடோப்சிஸ் பக்கம். சுவாசத்துக்கான க்வினோன் சூடோமோனாஸில் க்யூ-9, பர்க்கோல்டேரியாவில் க்யூ-8, பேசில்லஸில் எம்கே-7. இவை அடிக்கடி மாறுவதில்லை, ஆகவே பேரினம் சரிதானா என்று ஒரு குறுக்குச் சோதனைக்கு உதவும். க்வினோனும் ஜீனோமும் முரண்பட்டால், புரட்சிகரக் கண்டுபிடிப்பு என்று துள்ளுவதற்கு முன் குழாய் மாறிவிட்டதா என்று பாருங்கள். கொழுப்பு அமிலத்தை மட்டும் நான் அளவோடுதான் நம்புவேன். வெப்பநிலையைக் குறைத்தால் சவ்வை இளக்கமாக வைத்துக்கொள்ள பாக்டீரியா தன் கொழுப்பு அமிலங்களை மாற்றிக்கொள்கிறது. அது உயிர் பிழைக்கச் செய்யும் வேலை, நமக்கு அடையாள அட்டை தருவதற்காகச் செய்வதில்லை.

மால்டி-டாஃப் என்ற நிறமாலைக் கருவி பற்றி இரண்டு வரி போதும். நிமிடங்களில் பதில் தரும், முக்கியமாக ரைபோசோம் புரதங்களின் எடையைப் பார்த்து அடையாளம் சொல்லும். ஆனால் தரவுத்தளங்கள் நோய்க்கிருமிகளுக்காகவே கட்டப்பட்டவை. மண்ணிலிருந்து வந்ததைக் கொடுத்தால் ‘தெரியவில்லை’ என்று வரும், அதற்குப் ‘புதிது’ என்று பொருள் கொள்ளக் கூடாது. கையில் இருநூறு காலனி இருந்து, அதில் எவை ஒரே ஆளின் நகல்கள் என்று கழித்துக்கட்ட வேண்டுமானால் இதைவிட நல்ல கருவி இல்லை.

டிடிஹெச்சிலிருந்து ஏஎன்ஐக்கு

சிற்றினத்துக்கு நாம் இன்று வைத்திருக்கும் கோடு எங்கிருந்து வந்தது என்று தெரிந்தால்தான் அதை எவ்வளவு நம்பலாம் என்று தெரியும். 1987-இல் ஒரு சர்வதேசக் குழு, இரண்டு ஸ்ட்ரெயின்களின் டிஎன்ஏவைப் பிரித்து ஒன்றோடொன்று சேரவிட்டால் 70 சதவீதமோ அதற்கு மேலோ பிணைந்தால் ஒரே சிற்றினம் என்று பரிந்துரைத்தது. டிஎன்ஏ-டிஎன்ஏ ஹைப்ரிடைசேஷன், சுருக்கமாக டிடிஹெச். அந்த 70 வானத்திலிருந்து விழவில்லை. ஏற்கெனவே குணத்தை வைத்துப் பிரித்திருந்த சிற்றினங்களோடு பெரும்பாலும் ஒத்துப்போன எண் என்பதால் வைத்துக்கொண்டார்கள். செய்வதோ தலைவேதனை. ஒவ்வொரு ஜோடிக்கும் தனியாகச் செய்ய வேண்டும், ஒரு ஆய்வகத்தின் எண் இன்னொன்றில் வராது, முடிவைத் தரவுத்தளத்தில் போட்டுவைத்து நாளை வரும் 18-ஆம் எண்ணோடு ஒப்பிட முடியாது. இன்று யாராவது டிடிஹெச் செய்யலாமா என்று கேட்டால், வேண்டாம் என்பதே என் பதில்.

அதன் இடத்தில் வந்தது ஏஎன்ஐ, சராசரி நியூக்ளியோடைடு ஒற்றுமை. ஒரு ஜீனோமை ஏறக்குறைய ஆயிரம் எழுத்துத் துண்டுகளாகக் கணினியில் நறுக்கி, ஒவ்வொரு துண்டையும் மற்ற ஜீனோமில் தேடி, கிடைத்தவற்றின் ஒற்றுமையைச் சராசரி எடுப்பது. 95 முதல் 96 சதவீதம் பழைய 70 சதவீத டிடிஹெச்சுக்குச் சமம் என்று 2005-க்கும் 2009-க்கும் இடையில் வந்த ஆய்வுகள் காட்டின. 2018-இல் ஃபாஸ்ட்ஏஎன்ஐ என்ற நிரல் 90,000 ஜீனோம்களை ஒன்றோடொன்று ஒப்பிட்டது. ஜோடிகளில் 99.8 சதவீதம் ஒன்று 95-க்கு மேலே, இல்லையென்றால் 83-க்குக் கீழே. நடுவில் பெரிய காலி இடம். இது எனக்கு மிகவும் பிடித்த முடிவு, ஏனென்றால் கோடு நம் வசதிக்காக மட்டும் போட்டதில்லை, இயற்கையிலும் அங்கே ஏதோ ஒரு இடைவெளி இருக்கிறது என்று சொல்கிறது. ஆனால் தரவுத்தளங்களில் நோய்க்கிருமிகளின் ஜீனோம்களே குவிந்து கிடக்கின்றன என்பதையும் நினைவில் வையுங்கள். மண்ணில் நுழைந்து தோண்டத் தோண்ட அந்தக் காலி இடத்தில் ஆட்கள் தென்படவே செய்கிறார்கள்.

டிஜிட்டல் டிடிஹெச் என்று இன்னொரு கணக்கும் உண்டு. ஜெர்மனியின் நுண்ணுயிர்ச் சேகரிப்பகமான டிஎஸ்எம்இசட் நடத்தும் டிஒய்ஜிஎஸ் தளத்தில் ஜீனோமை ஏற்றினால், நெருங்கிய டைப் ஸ்ட்ரெயின்களை அதுவே தேர்ந்தெடுத்து, பழைய டிடிஹெச் அளவுகோலிலேயே எண் தரும், பிழை வரம்போடு. ஏஎன்ஐயா, இதுவா? இரண்டும் இலவசம், இரண்டையும் செய்யுங்கள். பெரும்பாலும் ஒரே பதில் வரும். முரண்படும் இடம் ஒன்று இருக்கிறது: ஸ்ட்ரெப்டோமைசிஸில் 70 சதவீத டிடிஹெச்சுக்குச் சமமான ஏஎன்ஐ 96-ஐத் தாண்டி 97-ஐ நெருங்குகிறது. ஆகவே ஏஎன்ஐ 96 வந்தால் ஒரு கணக்கு ‘பழையது’ என்றும் மற்றது ‘புதிது’ என்றும் சொல்லும். அந்த இடத்தில் நின்றால் நான் பெயர் வைக்க மாட்டேன். அதே மண்ணிலிருந்தோ வேறு மண்ணிலிருந்தோ அதே வகையில் இன்னும் நாலு ஸ்ட்ரெயின் தேடுவேன். அவை எல்லாம் தனியாக ஒரு கொத்தாக விழுகின்றனவா, பழைய சிற்றினத்தோடு கலந்து விழுகின்றனவா என்று பார்த்தால் விடை தானாகத் தெரிந்துவிடும். ஒரே ஒரு ஸ்ட்ரெயினை வைத்துச் சிற்றினம் அறிவிப்பது விதிப்படி செல்லும், நடைமுறையில் அதுதான் அதிகம் நடக்கிறது, ஆனால் ஒற்றை ஆளைப் பார்த்து ஒரு ஊரையே வருணிப்பது போல அதில் ஏதோ உறுத்துகிறது.

ஏஎன்ஐயில் இன்னொரு பொறி. சராசரி என்பது பொருந்திய துண்டுகளின் சராசரி மட்டும்தான். ஜீனோமில் மூன்றில் ஒரு பங்குதான் பொருந்தியது என்றால், அந்த ஒரு பங்கு 84 சதவீதம் ஒத்துப்போவதில் சிற்றினம் பற்றிய செய்தி ஏதும் இல்லை. எவ்வளவு பொருந்தியது என்ற எண்ணையும் பக்கத்திலேயே எழுதுங்கள். ஏஎன்ஐ 80-க்குக் கீழே போனதும் அதை மூட்டைகட்டிவிட்டுப் புரத அளவிலான ஒப்பீட்டுக்குப் போக வேண்டும்.

ஜீனோமின் தரம் பற்றி, பட்டுத் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன். ஒருமுறை நாங்கள் அனுப்பிய ஸ்ட்ரெப்டோமைசிஸ் வளர்ப்பின் ஜீனோம் கிட்டத்தட்ட 13 மெகாபேஸ், அதாவது 130 லட்சம் எழுத்து, என்று வந்தது. ஸ்ட்ரெப்டோமைசிஸின் ஜீனோம் பெரியதுதான், 8 முதல் 10 மெகாபேஸ் வரை போகும், எனவே ஒரு மணி நேரம் பெருமையாகக்கூட இருந்தது. ஜி+சி அளவை (டிஎன்ஏவில் ஜி, சி எழுத்துகளின் சதவீதம்) வரைந்து பார்த்தால் ஒரு மலைக்குப் பதில் இரண்டு: ஒன்று 71-இல், ஒன்று 44-இல். ஸ்ட்ரெப்டோமைசிஸின் இழைகளுக்கு நடுவே ஒரு பேசில்லஸ் வித்துகளாக ஒளிந்திருந்து, திரவ ஊடகத்தில் போட்டதும் முளைத்திருக்கிறது. தட்டில் எத்தனையோ முறை தனிக்காலனி எடுத்தும் கண்ணுக்குப் படவில்லை. அன்றிலிருந்து செக்எம் போன்ற நிரலில் கலப்படம் 5 சதவீதத்துக்குக் கீழே என்று பார்க்காமல் வேறு எந்த எண்ணையும் திறப்பதில்லை. ஒவ்வொரு எழுத்தும் சராசரியாக 50 முறையாவது படிக்கப்பட்டிருக்க வேண்டும் என்பது 2018-இல் வகைப்பாட்டுக்கென்று வகுத்த குறைந்தபட்சத் தரம். அதற்குக் குறைவானதை ஏற்காதீர்கள். ஜீனோமிலிருந்து எடுத்த 16எஸ்ஸும் முன்பு தனியாகப் படித்த 16எஸ்ஸும் ஒன்றுதானா என்றும் பாருங்கள். ஒரு நிமிட வேலை, குழாய் மாறியிருந்தால் அப்போதே தெரிந்துவிடும்.

ஜீனோமுக்கு வழியே இல்லாதவர்கள் ஜிஒய்ஆர்பி, ஆர்பிஓபி, ஆர்பிஓடி என்று செல்லின் அன்றாட வேலைக்கான ஐந்தாறு மரபணுக்களைப் படித்து உறவுமுறை மரம் வரைந்தார்கள். சூடோமோனாஸில் இது 16எஸ்ஸைவிட நன்றாகவே வேலை செய்தது. ஐந்து மரபணுவுக்குத் தனித்தனியாகப் ப்ரைமர் (மரபணுவைப் பெருக்கத் தேவையான சிறு டிஎன்ஏ துண்டு) தேடி அலையும் நேரத்தில் இன்று முழு ஜீனோமே வந்துவிடுகிறது. நூற்றுக்கணக்கான ஸ்ட்ரெயின்களைச் சலிக்க வேண்டியிருந்தால் ஒரே ஒரு மரபணுவை மட்டும் வைத்துக்கொள்ளலாம், மற்றபடி இந்தத் தேர்வை விட்டுவிடுங்கள்.

சரி, 17-க்கு வருவோம். 16எஸ் பட்டியலில் முதலில் நின்றவரோடு ஏஎன்ஐ 89.4. நாலாவதாக நின்றவரோடு 92.6, டிஜிட்டல் டிடிஹெச் 48. உறவின் வரிசை மாறிவிட்டது, ஆனால் எவரோடும் கோட்டைத் தொடவில்லை. புதுச் சிற்றினம், முதல் கேள்வி முடிந்தது.

பேரினம்: எண்கள் கைவிடும் இடம்

17-க்கு இந்தச் சிரமம் இல்லை, ஸ்ட்ரெப்டோமைசிஸின் நடுவே அமர்ந்திருக்கிறது. ஆனால் உங்கள் காலனி 16எஸ்ஸில் 94 அல்லது 95 என்று வந்திருந்தால், புதுப் பேரினமா என்ற ஆசை எழும். 2014-இல் 94.5 சதவீதம் என்று ஒரு கோடு முன்வைக்கப்பட்டது. புரதங்களின் சராசரி ஒற்றுமை 65 சதவீதத்துக்கு அருகில் என்று ஒரு கோடு இருக்கிறது. பொதுவான புரதங்கள் பாதிக்கும் கீழே என்றால் வேறு பேரினம் என்று இன்னொன்று. மூன்றும் சில குடும்பங்களில் பொருந்தும், சிலவற்றில் பொருந்தாது. சிற்றினத்துக்கு இருப்பது போன்ற காலி இடம் பேரின மட்டத்தில் இல்லை, அதனால் எங்கே கோடு போட்டாலும் யாராவது ஒருவர் கோட்டின் மேலேயே நிற்பார்.

ஆகவே இங்கே மரத்தைப் பார்க்க வேண்டும். ஜிடிடிபி என்ற ஜீனோம் வகைப்பாட்டுத் தரவுத்தளம் 120 மரபணுக்களை வைத்துப் பாக்டீரியா உலகம் முழுமைக்கும் ஒரு மரம் வரைந்து, கிளை பிரிந்த ஆழத்தை வைத்து எல்லோரையும் ஒரே அளவுகோலில் பிரிக்கிறது. உங்கள் ஆள் ஏதாவது பேரினத்தின் கிளைக்குள் விழுந்தால் அங்கேயே வையுங்கள், எண் சற்றுக் குறைந்தாலும் பரவாயில்லை. எல்லாக் கிளைகளுக்கும் வெளியே தனியாக நின்றால், அதுவும் மரத்தை வேறு மரபணுக்களால் வரைந்தாலும் அப்படியே நின்றால், அப்போது புதுப் பேரினம் பற்றிப் பேசலாம்.

பேரினத்தைப் பிரிப்பதில் நான் கஞ்சன். காரணம், அந்தப் பெயரோடு வாழ வேண்டியவர்கள் வகைப்பாட்டுக்காரர்கள் அல்ல. பேசில்லஸ் என்பது ஒரு காலத்தில் வித்து உண்டாக்கும் கோல்வடிவ பாக்டீரியா எல்லாவற்றையும் போட்டுவைக்கும் கூடையாக இருந்தது. 1993-இல் அதிலிருந்து பேனிபேசில்லஸ் பிரிந்தது. பெயருக்கே ‘கிட்டத்தட்ட பேசில்லஸ்’ என்று பொருள். அது அவசியமான பிரிவு. 2020-இல் அடுத்த அலை வந்து, மண் ஆய்வில் தலைமுறை தலைமுறையாகப் புழங்கிய பேசில்லஸ் மெகாடீரியம் பிரீஸ்டியா மெகாடீரியம் ஆனது. மரத்தைப் பார்த்தால் நியாயம்தான், இருந்தும் வேலை செய்பவர்களில் பாதிப் பேர் வாயில் பழைய பெயர்தான் வருகிறது. 2014-இல் பர்க்கோல்டேரியாவிலிருந்து பேராபர்க்கோல்டேரியாவைப் பிரித்தபோது ஒரு பயன் இருந்தது: மண்ணிலும் செடியிலும் வாழும் சாதுக்கள் பெரும்பாலும் ஒரு பக்கம், நோய்க்கிருமிகள் மறுபக்கம் என்று ஆனது. இன்னொன்று பலருக்குத் தெரியாது: விதிமுறை பெயர்களைத்தான் கட்டுப்படுத்துகிறது, கருத்தை அல்ல. முறைப்படி வெளியான பழைய பெயரை நீங்கள் தொடர்ந்து பயன்படுத்தினால் அது குற்றமில்லை.

எந்தப் பதிவேட்டில் எழுதுவது

இப்போது இரண்டு வழிகள். ஒன்று ஐசிஎன்பி, பாக்டீரியாப் பெயர்களுக்கான பழைய சர்வதேச விதிமுறை. 1980 ஜனவரி 1-ஆம் தேதி அங்கீகரிக்கப்பட்ட பட்டியலோடு அது தன் கணக்கைப் புதிதாகத் தொடங்கியது. பட்டியலில் இடம்பெறாத பழைய பெயர்கள் உரிமை இழந்தன. இதில் பெயர் செல்ல வேண்டுமானால் டைப் ஸ்ட்ரெயின் உயிரோடு இரண்டு வெவ்வேறு நாடுகளில் உள்ள இரண்டு சேகரிப்பகங்களில் இருக்க வேண்டும், யார் கேட்டாலும் கிடைக்க வேண்டும். விவரணை பாக்டீரியா வகைப்பாட்டுக்கான ஐஜேஎஸ்இஎம் இதழில் வர வேண்டும், அல்லது வேறு இதழில் வந்து அதன் சரிபார்ப்புப் பட்டியலில் ஏற வேண்டும்.

இன்னொன்று 2022-இல் வந்த சீக்கோட். ஜீனோம் வரிசையையே டைப்பாக ஏற்க வேண்டும் என்ற கோரிக்கையை ஐசிஎன்பியின் குழு 2020-இல் நிராகரித்த பிறகு பிறந்தது இது. மண்ணில் இருப்பவற்றில் மிகச் சிறு பங்குதான் நம் தட்டில் வளர்கிறது. மீதியை மண்ணின் டிஎன்ஏவிலிருந்து கணினியில் தொகுத்த ஜீனோமாக மட்டுமே அறிகிறோம். அவற்றுக்கு முன்பு ‘கேண்டிடேட்டஸ்’ என்ற தற்காலிக அடைமொழிதான் கிடைத்தது, முன்னுரிமை கிடையாது. சீக்கோட் அவற்றுக்கு நிலையான பெயர் தருகிறது.

எதைத் தேர்ந்தெடுப்பது? உங்கள் பாக்டீரியா வளர்கிறது என்றால் ஐசிஎன்பி, யோசிக்கவே வேண்டாம். உயிருள்ள குழாய் இருந்தால் நாளை ஒருவர் உங்கள் முடிவைத் தப்பென்று நிரூபிக்கலாம், ஜீனோம் கோப்பை வைத்து அதில் பாதிதான் முடியும். வளராததற்குச் சீக்கோட். சேகரிப்பகத்துக்கு அனுப்பச் சட்டச்சிக்கல் இருப்பதால் சீக்கோட்டுக்குப் போகிறோம் என்பவர்களின் கஷ்டம் புரிகிறது. உயிரியல் வளத்தை எல்லை தாண்டி அனுப்ப நாட்டுக்கு நாடு அனுமதி வாங்க வேண்டும், அதில் மாதங்கள் போகும். அப்படியானவர்கள் விண்ணப்பத்தை 16எஸ் வந்த வாரமே போட்டுவிடுவது நல்லது. ஜீனோமும் சோதனைகளும் முடியும்போது காகிதமும் கைக்கு வந்திருக்கும். மூன்றாவது வழியும் உண்டு: பெயரே வைக்காமல் ‘ஸ்ட்ரெப்டோமைசிஸ் சிற்றினம், ஸ்ட்ரெயின் 17’ என்று ஜீனோமை மட்டும் பதிவிடுவது. உங்கள் ஆர்வம் அது தரும் ஆன்டிபயாட்டிக்கில்தான் என்றால் இதுவே போதும்.

பெயர் லத்தீன் இலக்கணத்தில் இருக்க வேண்டும், பேரினத்தின் பாலோடு அடைமொழி ஒத்துப்போக வேண்டும். தன் பெயரையே வைத்துக்கொள்வது அழகில்லை என்று விதிமுறையே சொல்கிறது. எடுத்த மண்ணின் பெயரையோ குணத்தையோ வைக்கலாம். குணத்தை வைப்பதானால் கவனம், ‘வெள்ளை’ என்று பெயர் வைத்துவிட்டு வேறு ஊடகத்தில் அது சாம்பல் நிறத்தில் வந்து நின்றால் பெயரை மாற்ற முடியாது.

சேகரிப்பகங்களுக்குக் குழாயைக் கட்டுரை எழுதத் தொடங்கும் முன்பே அனுப்பிவிடுங்கள். அவர்கள் வளர்த்து, உலர்த்திப் பாதுகாத்து, எண் கொடுத்து, பாதுகாத்ததில் ஒரு குப்பியை உங்களுக்கே திருப்பி அனுப்பி, இது நீங்கள் தந்ததுதானா என்று கேட்பார்கள். பலரும் அந்தக் குப்பியை அலமாரியில் வைத்துவிட்டு ‘ஆம்’ என்று பதில் எழுதிவிடுகிறார்கள். உடைத்துத் தட்டில் தேயுங்கள். சுண்ணாம்பு வெள்ளை வருகிறதா, அடியில் பழுப்பா, மூடியைத் திறந்தால் மண்வாசம் அடிக்கிறதா என்று பார்த்து, 16எஸ்ஸையும் ஒருமுறை படித்துவிட்டு, அப்புறம் எழுதுங்கள் அந்த ‘ஆம்’-ஐ.